கடலோர மேட்டின் வெள்ளைக் கல்

டப்ளினில், ஐரிஷ் வரலாற்று நூல்களை மட்டுமே வெளியிடும் ஒரு சிறிய பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தாள் அட்ராக்டா டர்கன். வீட்டுக்கு ஒரே பெண். நாட்டின் மேற்கே மேயோ கடற்கரையில் தனியாக இருந்த அம்மா செலியாவை அவ்வப்போது ரயிலேறிப் போய்ப் பார்ப்பாள்.

அந்த ஈஸ்டருக்குப் போனபோது ஒரு புத்தகத்தின் அச்சுப்படிகளையும் எடுத்துப் போனாள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களைப் புதைத்த இடங்கள் பற்றிய ஆய்வு. பேராசிரியர் லோர்கன் டீவி எழுதியது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது.

சமையலறை மேசையில் டீ வைக்க வந்த அம்மா, ஒரு படத்தின் மேல் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"இது நம்ம கடலோர மேடுதானே? இந்த வெள்ளைக் கல்லை உங்கப்பாதான் கரையிலேர்ந்து தூக்கிட்டு வந்து வச்சார்."

அட்ராக்டா அந்தத் தாளை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"கீழே என்னடி போட்டிருக்கு?"

வாசித்தாள்: 'அடையாளக் கல். சிசு. ஆணா பெண்ணா எனத் தெரியவில்லை.'

"தெரியலையா? பையன்டி. உனக்கு முன்னாடி பொறந்தவன். தலை நெறைய கறுப்பு முடி. ஒரு தடவைதான் எனக்குக் காட்டினாங்க. அப்பா, கடைக்கு சோப்பு வர்ற மரப்பெட்டியிலே வச்சுக் கொண்டுபோனார். என்னை வர விடலை."

"ஏம்மா எங்கிட்ட சொல்லவேயில்லை?"

"யாரும் கேக்கலையே."

டப்ளின் திரும்பியதும் பேராசிரியர் டீவியிடம் பேசினாள். நல்ல மனிதர், குரல் தழைந்தது. "மாத்திடலாம், அட்ராக்டா. ஆனா சொன்னவங்க பேரைப் போடணும். பேரில்லாத சாட்சி எதையும் நான் எடுத்துக்கலையே." அது நியாயம்தான். மற்ற ஆசிரியர்களிடம் அவளே இத்தனை காலமாகக் கேட்டு வந்ததும் அதைத்தான்.

அம்மா போனில் மறுத்துவிட்டாள். "வெளியே சொல்ல மாட்டேன்னு உங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். இருக்கறபடியே இருக்கட்டும்."

'தெரியவில்லை' என்ற சொல்லை அட்ராக்டாவே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பினாள். புத்தகம் வந்ததும் அம்மா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறெதையும் பிரிக்கவில்லை.

பிப்ரவரியில் அம்மா போய்விட்டாள். அடக்கப் பூசையில் சொல்வதற்காகப் பாதிரியார் விசாரித்தார்: "செலியாவுக்கு நீங்க ஒரே பிள்ளைதானே?"

அக்கம்பக்கத்தார் டீக்கோப்பைகளோடு நின்றிருந்தார்கள்.

"இல்லை ஃபாதர். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். கடலோர மேட்டுல இருக்கான்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு முதியவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.