யானைக்குப் போட்ட வாழைத்தார்

போன ஞாயிற்றுக்கிழமை பரவையிலிருந்து பாண்டி வந்தார். பழ வியாபாரி, என் பால்ய சிநேகிதர். நெற்றி நிறைய விபூதி, முகமெல்லாம் சிரிப்பு.

“மாப்ள, மலையடிவாரத்துல நம்ம யானைக்குக் கோயில் கட்டிட்டோம்ல! வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகம். குடும்பத்தோட வந்துரணும்.”

நம்ம யானையாம்... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைக் கொன்றதே இந்த மனுஷனின் பக்திதானே?

வருசநாட்டு மலையடிவாரத்தில் யானைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய மதுரைக் காலேஜிலிருந்து கல்யாணி என்றொரு பெண் போயிருந்தாள். யானைகள் எந்த வழியாகத் தண்ணீருக்கு இறங்குகின்றன என்று பார்த்து, ஊர்க்காரர்களை உட்காரவைத்துப் பேசினாள். முதலில் முறைத்தார்கள். பிறகு, அந்த வழியில் வெள்ளாமை வைப்பதில்லை என்று ஊர்க்கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். தப்பித்தவறி யானை தோட்டத்துப் பக்கம் திரும்பினால் தகரத்தைத் தட்டுவார்கள், அதுவும் மலையேறிவிடும். இரண்டு பக்கமும் நிம்மதி.

நம்மாளுக்குப் பொறுக்குமா? மார்க்கெட்டில் கனிந்துபோன வாழைத்தார்களை வேனில் ஏற்றிக்கொண்டு வாராவாரம் கிளம்பினார். ரோட்டோரம் இறங்கிவரும் ஒரு யானைக்குத் தாரை வைத்து, சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொள்வது — ஏதோ கோயில் யானைக்குக் கொடுப்பது மாதிரி! வேடிக்கை பார்க்க வேன் நிறையக் கூட்டம் வேறு.

“அண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன், பழம் போடாதீங்க. மனுச பயம் விட்டுப்போச்சுன்னா அது செத்துரும்ணே,” என்று கெஞ்சியிருக்கிறாள் கல்யாணி.

“பிள்ளையாருக்குப் படைக்கிறதத் தடுக்கக் கூடாது, தாயி,” என்றாராம் இவர். பெண் யானைதான்... ஆனாலும் பிள்ளையார்!

பழம் தின்று பழகிய யானை வாழைத்தோப்புக்குள் புகுந்தது. தகரம் தட்டினார்கள், அசையவில்லை. மறுபடி வந்தபோது தோப்புக்காரர் கம்பியில் கரண்ட் விட்டிருந்தார். அங்கேயே விழுந்து செத்தது.

அந்த இடத்தில்தான் இப்போது கோயில். உயிரோடு இருந்தபோது சற்று ஒதுங்கி நிற்க நமக்கு வலிக்கிறது. செத்தபின் விழுந்து கும்பிட மட்டும் முண்டியடிக்கிறோம். தூ, இதுவும் ஒரு பக்தியா?

“அந்தப் பொண்ணையும் கூப்பிட்டேன் மாப்ள, வரமாட்டேன்னுருச்சு. செத்த யானைக்கு ஒரு குட்டி இருக்காம். தாயில்லாமத் தனியாத் திரியுதாம். அதத் தேடி இந்தப் பொண்ணு அலையுது,” என்றார் பாண்டி.

நிஜமாகவே கண் கலங்கினார். அப்பாடா, ஒருவழியாக உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பச்சப்புள்ள, மாப்ள... வர்ற வாரம் அதுக்கு ரெண்டு தார் கூடப் போட்டுக் கொண்டுபோகணும்.”