பூணூலோடு போன மூன்று சாவிகள்

நாகலட்சுமி கல்கத்தாவுக்கு வந்து முப்பத்தாறு வருஷமாகிறது. லேக் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் மூன்றாம் மாடியில் வீடு. கடைக்குப் போனோமா வந்தோமா என்று இருக்கிற பெண்மணி அல்ல அவள். வாழைப்பூ வாங்கப் போனால் நாலு பேரோடு வங்காளியில் வம்பளந்துவிட்டுத்தான் திரும்புவாள். அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். கேஸ் அடுப்பைப் பார்க்க வந்தேன் என்று பட்டப்பகலில் கீழ்வீட்டுக்குள் புகுந்த ஒருவன் நகைகளை அள்ளிக்கொண்டு போனான்.

அவள் கணவர் விஸ்வநாதன் துறைமுக ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாளே பூட்டு தேடிப் புறப்பட்டார். மூன்று வாரம் கரியாஹாட்டில் கடை கடையாக ஏறி, "இதைத் திருடன் எப்படித் திறப்பான்?" என்று கேட்டுக் கேட்டு, கடைக்காரர்களே அவரை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் உருண்டையாக ஒரு எஃகுப் பூட்டு வந்தது. வளையம் உள்ளேயே ஒளிந்திருக்கும், ரம்பம் நுழையாது. வாசல்கதவுக்கு வெளியே இழுத்து மூடுகிற இரும்பு கேட்டில் அதை மாட்டினார். சாவித் துவாரம் வெளிப்பக்கம் மட்டும்.

"உள்ளேருந்து திறக்க முடிஞ்சா, எவனாவது வந்து நின்னான்னா நீ திறந்துடுவே," என்றார்.

"நான் என்ன திருட்டுப்போற சாமானா?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், நாகு."

அன்றிலிருந்து அவர் வெளியே போகும்போதெல்லாம் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். பூட்டோடு வந்த மூன்று சாவிகளையும் பூணூலில் முடிந்துகொண்டார். டூப்ளிகேட் சாவி என்பதே திருடனுக்காகச் செய்வது என்பது அவர் கட்சி. வீட்டை ஆளில்லாமல் விட மாட்டேன் என்று ஊருக்குப் போவதையும் நிறுத்தியாயிற்று.

இந்த ஆவணியில் சென்னையிலிருந்து அக்கா பாகீரதி போன் செய்தாள். வியாழக்கிழமை இதய ஆபரேஷன். "பயமா இருக்குடி. நீ பக்கத்துல இரு, அது போறும்." நாகலட்சுமி யாரையும் கேட்கவில்லை, தானே டிக்கெட் எடுத்தாள். கிடைத்தது செவ்வாய்க்கிழமைக்குத்தான், அதுவும் ஆவணி அவிட்டத்தன்று. ஹௌராவில் மூன்றேகாலுக்கு ரயில். வீட்டுக்குக் காவலாகத் தான் இருப்பதாகச் சொல்லி விஸ்வநாதன் ஒருவழியாக இறங்கிவந்தார்.

அன்று காலை வழக்கம்போல் பூட்டிவிட்டு, பக்கத்து ஹாலுக்குப் பூணூல் மாற்றிக்கொள்ளப் போனார். பதினொரு மணிக்குத் திரும்பிவந்து, கேட் முன்னால் நின்று சட்டைக்குள் கையை விட்டார். கை அப்படியே நின்றுவிட்டது. புதுப் பூணூல் வெறுமனே கிடந்தது. கழற்றிய பழையதை எல்லோரும் போட்ட வாளியிலேயே அவரும் போட்டிருக்கிறார், சாவிகளோடு.

வாத்தியாருக்குப் போன் போட்டார். "அப்பவே கங்கையில விட்டாச்சே மாமா," என்றார் வாத்தியார்.

சாவி செய்கிறவனைத் தேடிப்பிடித்து அழைத்துவர ஒரு மணி ஆயிற்று. அவன் கம்பி விட்டான், சுத்தியால் தட்டினான், எண்ணெய் ஊற்றினான். நாகலட்சுமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டின் கம்பிகளைப் பிடித்தபடி உள்ளே நின்றாள். ஒன்று அடித்தது. ஒன்றரை ஆயிற்று. இந்த மாதிரிப் பூட்டை நான் கண்டதே இல்லை என்று அவன் இந்தியில் சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

விஸ்வநாதன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா நாகு, தொழில் தெரிஞ்சவனாலயே முடியலை."

கட்டிய புருஷனை அவள் மனதார வெறுத்தது அந்த நிமிஷத்தில்தான்.

வெல்டிங் கடையிலிருந்து ஆள் மிஷினோடு வந்து கேட்டையே அறுத்துத் திறந்தபோது மணி மூன்றே முக்கால். பூட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பாகீரதிக்குப் போனில் விஷயத்தைச் சொன்னாள். "போறதுடி, என்ன பண்றது," என்றாள் அக்கா.

"நாளைக்கு ப்ளேன்ல போறேன்," என்றாள் நாகலட்சுமி. "இப்பவே போய் டிக்கெட் எடுத்துண்டு வரேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். கேட் பிளந்து கிடக்கு, பூட்டு வாங்கணும். நான் போயிட்டு வர வரைக்கும் வீட்ல ஒருத்தர் இருக்கவேண்டாமா?" விஸ்வநாதன் பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அவளைத் தடுக்க இப்போது கேட்டும் இல்லை, பூட்டும் இல்லை. பையோடு வாசல் வரைக்கும் வந்தாள். கீழே யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது. திருடனோ என்று அவளுக்குப் பகீரென்றது. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.