ஆர்வெல்லா திருப்பித் தந்த பாத்திரம்

வெர்லின் ஸ்டிடம் இருபத்தாறு வருஷமாக ஊர்ச் சாக்கடையோடு மல்லுக்கட்டுகிறவன். கிழக்குக் கெண்டக்கியில் இரண்டு மலைக்கு நடுவே நூற்றிருபது வீடு. அத்தனை வீட்டுக் கழிவும் கடைசியில் அவனிடம்தான் வந்து சேரும். ஊர் நிலக்கரிச் சுரங்கம் மூடின வருஷம் இந்த வேலைக்கு வந்தான். வந்த அன்றே பெண்டாட்டி நாடீன் ஒரு சட்டம் போட்டாள்: பூட்ஸ் வாசலோடு சரி, சட்டை கொட்டகையோடு சரி, அதற்கப்புறம்தான் முத்தம். இன்றுவரை அந்தச் சட்டம் மாறவில்லை.

சுத்திகரிப்பு நிலையம் அவனைவிட வயசானது. இரண்டு மோட்டாரில் ஒன்று செத்துவிட்டது. மற்றதைக் கெஞ்சியும் திட்டியும் ஓட்டிக்கொண்டிருந்தான். பெருமழை பெய்தால் தொட்டி நிரம்பி, அழுக்குத் தண்ணீர் அப்படியே ஓடையில் கலக்கும். அதே ஓடையில்தான் பிள்ளைகள் நண்டு பிடிக்கும். மேகம் கறுத்தாலே வெர்லின் நிலையத்துக்கு ஓடுவான்.

இந்த வருஷம் அரசாங்கம், புது நிலையத்துக்கு முழுப் பணமும் தருகிறேன் என்றது. ஒரே நிபந்தனை. ஊரில் பாதிக்கு மேல் குடும்பங்கள் அரசு போட்ட வருமானக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதை அவரவரே தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். வீடு வீடாகப் போக வேறு ஆள் கிடைக்காமல் வெர்லினை அனுப்பினார்கள். இப்படி எழுது என்று யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் மொத்தமும் செல்லாது.

இதென்ன பெரிய வேலை என்றுதான் போனான். பென்சிலைக் கையில் கொடுத்ததும் ஊரே பணக்கார ஊராகிவிட்டது. ஒழுகுகிற கூரையில் தார்ப்பாய் கட்டியிருக்கிற பர்ல்கூட நெஞ்சை நிமிர்த்தினான்.

"எங்களுக்கு என்னடா குறை? நல்லாத்தான் இருக்கோம்னு எழுதிட்டேன்."

உன் கூரையைக் கேட்டால் வேறு சொல்லும் என்று வாய்வரை வந்ததை வெர்லின் முழுங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஊர் அலுவலகத்து ஜோலீன் வந்த உறைகளைப் பிரித்து எண்ணிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "கோட்டுக்குக் கீழ அறுபதுதாண்ணே தேறுது. அறுபத்தொண்ணு வேணும். இன்னும் ஒரே ஒரு வீடுதான் பாக்கி."

அந்த வீடு ஆர்வெல்லாவுடையது.

ஆர்வெல்லா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள். வெர்லினுடைய அப்பா வேலைநிறுத்தத்தில் இருந்த வருஷம், யாரும் பார்க்காதபோது அவன் தட்டில் இரண்டாவது ரொட்டியை வைத்தது அவள் கைதான். புருஷன் போனபின் ஓடையோரத்து வீட்டில் தனியாக இருந்தாள். சாக்கடை எதிர்த்து வந்தால் முதலில் ஏறுவது அவள் வீட்டு நிலவறையில். ஒரு தடவையும் புகார் சொன்னதில்லை. தானே தேய்த்துக் கழுவிவிட்டு, கை நிறைய ப்ளீச் வாடையோடு வந்து கதவைத் திறப்பாள்.

இன்னொன்றும் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு நாடீன் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறையக் கோழிக்குழம்பு கொடுத்தனுப்பினாள். இந்தப் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பமாட்டார்கள். ஒரு துண்டு கேக்காவது வைத்துத்தான் தருவார்கள். ஏப்ரல் பிறந்துவிட்டது, பாத்திரம் வரவில்லை. நாடீன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெர்லினும்தான்.

"பூட்ஸைக் கழட்டுடா," என்றாள் ஆர்வெல்லா, கதவைத் திறந்ததும். "உன் பொண்டாட்டி மட்டும்தான் மனுஷியா?"

"கழட்டிட்டேன் அத்தை. மூக்கை மூட வேணாம், குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

மத்தியான நேரம். அடுப்பு சில்லென்று கிடந்தது. அவள் கண்ணாடியை மாட்டித் தாளைப் படித்தாள். படித்துவிட்டுத் தள்ளிவைத்தாள்.

"நான் சாப்பாடு போட்டவடா. தட்டைத் தூக்கிட்டு வரிசையில நின்னவ இல்ல."

"தெரியும் அத்தை."

"சரி, என்ன எழுதச் சொல்ற?"

"அதை நான் சொல்லக்கூடாது."

"அப்ப எதுக்கு இங்க உக்காந்திருக்க?"

வெர்லின் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். அடுத்து வாயில் வந்தது சட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று அவனுக்கே தெரியாது.

"என் தாளை எழுத எனக்கு மூணு நாளாச்சு. கோட்டுக்கு மேலேன்னு ரெண்டு தடவை எழுதி அழிச்சேன். நாடீன்தான் பென்சிலைப் புடுங்கி உள்ளதை எழுதினா. எழுதிட்டு அழுதா. அப்புறம் மீன் வறுத்தா, தின்னோம்."

ஆர்வெல்லா அவனையே பார்த்தாள். "இத்தனை வருஷம் ஊர்ப் பீயில நின்னவனுக்கு அவ்வளவுதானாடா குடுக்குறானுங்க?"

"வாசனை இலவசம், அத்தை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் திரும்பு."

வெர்லின் ஜன்னல் வழியாக ஓடையைப் பார்த்தான். பின்னால் பென்சில் கொஞ்ச நேரம் கிறுக்கியது, நின்றது, மறுபடி கிறுக்கியது. உறையை ஒட்டி அவன் சட்டைப் பையில் அவளே செருகினாள். பிறகு அலமாரியைத் திறந்து அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தாள். பளிச்சென்று கழுவியிருந்தது.

"நாடீன்கிட்ட குடுத்துடு. இதுல ஏதாச்சும் வச்சுக் குடுக்கணும்னுதான் இத்தனை நாளா வச்சிருந்தேன்." முந்தானையால் பாத்திரத்தின் விளிம்பை இன்னொரு தடவை துடைத்தாள். "வைக்க ஒண்ணும் இல்லடா."

வெர்லின் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். உறைக்குள் என்ன இருக்கிறதென்று இனி ஜோலீன் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு வாசலில் நாடீன் பாத்திரத்தை வாங்கி உள்ளே பார்த்தாள். அடுப்படிக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த பீன்ஸை அதில் விளிம்புவரை ஊற்றி, மேலே சோளரொட்டியை வைத்துத் துணியால் மூடினாள். வெர்லின் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"கழட்டாத," என்றாள் நாடீன். "ஆறிடும். அப்படியே போ."