மதிலிலிருந்து மூன்றடி

நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்தவரை எல்லோரும் ‘மூணடி’ என்றுதான் சொல்வார்கள். வீட்டில் கார் ஷெட் போட்டால் பக்கத்து மதிலிலிருந்து மூன்றடி தள்ளிப் போட வேண்டும் என்பது விதி. அளவு நாடாவை இழுத்துவிட்டால் எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டார். தாலி கட்டும்போதும் மூன்றடி தள்ளி நின்றிருப்பார் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். லஞ்சமாக ஒரு டீகூடக் குடித்ததில்லை, அதை மறைப்பது பாவம். ஆனால் கை சுத்தமாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறெரிகிறது.

ஓய்வு பெற்ற மறுவருடம் அவர் மனைவியைப் பக்கவாதம் சாய்த்தது. மருத்துவமனைக்கு அலைவதே பிழைப்பாயிற்று. காரிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றி வாசலேற்றுவதற்குள் மழையில் அந்த அம்மா தொப்பலாக நனைந்துவிடுவார். இன்னொரு தடவை சளி கட்டினால் நெஞ்சு தாங்காது என்று மருத்துவர் எச்சரித்தார். வாசலை ஒட்டிக் கூரை போடலாம்தான். மூன்றடி விட்டால் மிச்ச இடத்தில் ஸ்கூட்டர்தான் நிற்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

விதியில் ஒரு விலக்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மதில்வரை கூரை போட்டுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் இருந்தவள் தையற்காரி. சில வருடங்களுக்கு முன் அவள் கணவனுக்குக் கால்கள் விழுந்தபோது, இதே மதிலை ஒட்டி நான்கு இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போட்டிருந்தாள். நம்ம மூணடியேதான் வந்து அளந்தார், நோட்டீஸ் கொடுத்தார், நின்று பிரிக்கவைத்தார். விலக்கைப் பற்றி மூச்சுவிடவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும், கேட்காதவளுக்கு நாம் ஏன் சொல்ல வேண்டும் என்பது அவர் நியாயம். அந்த மழைக்காலம் முழுவதும் நனைந்து நனைந்தே மருத்துவமனைக்குப் போய்வந்த மனிதன், அது முடிவதற்குள் போய்ச் சேர்ந்தான்.

இப்போது அவளிடமே போய் நிற்க வேண்டும். இரண்டு தடவை அவள் வாசல்வரை போய்த் திரும்பினார். மூன்றாம் தடவை உள்ளே போனார். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, அவர் நீட்டிய சம்மதத் தாளை நிதானமாகப் படித்தாள்.

“இந்த விலக்கு அப்பவும் இருந்துச்சா சார்?”

புதிதாக வந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அந்தப் பொய் அவர் தொண்டைவரை வந்தது. வீட்டில் நாற்காலியில் சாய்ந்து கிடப்பவள் முகமும் கூடவே வந்தது. ஆனாலும் அவரால் முடியவில்லை.

“இருந்துச்சும்மா.”

“அப்போ எங்க ஷெட்டுக்கு யாரு கையெழுத்துப் போடணும்?”

அவர் தலை நிமிரவில்லை. “பக்கத்து வீட்டுக்காரன். நான்தான்.”

அவள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள்.

“அக்கா நனைய வேண்டாம்,” என்றாள்.

அவர் தாளை வாங்க ரொம்ப நேரம் பிடித்தது.