பூட்டுக்காரரும் பன்னிரண்டு ஆரஞ்சும்

என் வீட்டுக்காரருக்குப் பூட்டு ரிப்பேர் தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு முழிக்கிறவர்களெல்லாம் அவரைத்தான் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பயந்து அலமாரிக்குப் பூட்டுப் போட்ட புத்திசாலி நான்.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதிலிருந்து அவருக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். சனிக்கிழமை முடிந்தால் செவ்வாய் வரைக்கும் மெஷின் கிடையாது. அந்த இடைவெளிதான் ஆபத்து என்று நர்ஸ் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். பழத்திலிருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், அப்படியே நின்றும் போகலாம் என்றாள். ஆரஞ்சு கூடவே கூடாதாம். இவருக்கோ ஆரஞ்சு என்றால் உயிர். எனக்கும்தான். நோய் அவருக்கு, பட்டினி எனக்கா? வாங்கிப் பூட்டி வைத்து, அவர் கடைக்குப் போனபிறகு தின்பேன்.

திங்கட்கிழமைதோறும் கணக்கு உதைத்தது. பூட்டு பூட்டியபடியே இருக்கும், பழம் ஒன்று குறைந்திருக்கும். கேட்டால் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நீயே தின்றுவிட்டு மறந்திருப்பாய் என்பார். நானும் விடவில்லை, பெரிய பூட்டாக மாற்றிக்கொண்டே போனேன். மூன்றாவது பூட்டுக்கு மூன்று பழம் போயிற்று.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் கடையில் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். மார்பில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி பார்த்த டாக்டர் என்னிடம் பேசக்கூட நிற்கவில்லை. ஊசியைப் போட்டு, உடனே மெஷினில் போடச் சொன்னார். அன்றைக்கு நான் செத்துப் பிழைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், இனி இந்த வாசலில் ஆரஞ்சு ஏறாது என்று கத்தினேன். பழம் இருக்கட்டும், நீ தின்னு என்றார்.

“பூட்ட மட்டும் எடுத்துடு. அதப் பாத்தா என் கை சும்மா இருக்க மாட்டேங்குது. பழமெல்லாம் அப்புறம்தான்.”

“இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா?”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. எடுத்துடு.”

இத்தனை வருஷத்தில் அவர் வாயில் பயம் என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. உடனே போய்ப் பூட்டைக் கழற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு ஆரஞ்சு வாங்கி அலமாரியைத் திறந்தே வைத்தேன். ஞாயிறும் திங்களும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். அவரோ திறந்து கிடந்த கதவை, வேலையில்லாத கடையைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, நன்றாக இருந்த பக்கத்து வீட்டு கேட் பூட்டைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர்கள் இரண்டு நாள் கேட்டைக் கயிற்றால் கட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை ரத்தத்தைச் சோதித்த நர்ஸ், எல்லாம் சரியாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினாள். வீடு திரும்பியதும் அவரே போய்ப் பழங்களை எண்ணினார்.

“பன்னெண்டும் அப்படியே இருக்கே. நீ ஏன் தின்னல?”

தொண்டையில் இறங்கவில்லை என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்து, முதல் சுளையை என் வாயில் வைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தன் விரல்களை மோந்து பார்த்தார். அதற்கு நர்ஸ் தடை சொன்னதில்லை. எனக்குத்தான் சுளையை விழுங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது.