பச்சைக் கிண்ணம் வைத்த செண்பகம்

துணிப்பூப் பட்டறையின் மூத்த மாப்பிள்ளைக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். எந்தப் பூவானாலும் அடியில் பச்சைத் துணியில் ஒரு கிண்ணம் ஒட்டிவிடுவார். ரோஜாவுக்கு அது சரி; நிஜப் பூவிலேயே புல்லிவட்டம் இருக்கிறது. இவருக்கோ அது வழிந்த பசையையும் கோணல் கம்பியையும் மூடும் போர்வை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தப் போர்வைக்குள்ளேயே காலத்தை ஓட்டிவிட்டார். வாய் மட்டும் பட்டறை முழுக்கக் கேட்கும்.

மாமனாருக்குக் கண் மங்கியது. அப்போதுதான் அருங்காட்சியகம் ஒன்று செண்பகக் கிளையைத் துணியில் செய்து தரும்படி கேட்டது.

"நீங்க ஒண்ணு செய்ங்க மாப்பிள்ளை, சின்னவ ஒண்ணு செய்யட்டும். அவங்க எதை எடுக்கறாங்களோ, அதைச் செஞ்சவங்க கையில பட்டறைச் சாவி" என்றார்.

சாவி தன் இடுப்பில் ஏறிவிட்டதாகவே மாப்பிள்ளை நடக்க ஆரம்பித்தார்.

சின்னவளான கொழுந்தியாள் பின்வாசல் மரத்தில் ஒரு கிளை ஒடித்து வந்து மேசையில் வைத்தாள். செண்பகத்தில் புல்லி வேறு, அல்லி வேறு என்று கிடையாது. எல்லாம் ஒரே மஞ்சள் இதழ்கள். மொட்டை மூடிய உறை பூ விரியும்போது உதிர்ந்துவிடும். காம்பைச் சுற்றி வளையமாய்த் தழும்பு மட்டும் மிஞ்சும். இலைக் கணுக்களிலும் அதே வளையம். பூவின் நடுவே ஒரு சிறு தண்டு. அதன் அடியில் மகரந்தத் தாள்கள் நெருக்கமாகவும், சற்று இடைவெளி விட்டு மேலே சூலகங்கள் சுருளாகவும் அமைந்திருக்கும். பசையை ஒளிக்க இடமே தராத பூ.

மாப்பிள்ளை கிளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அத்தான், இதுக்குக் கிண்ணம் கிடையாது."

"அடி இல்லாம பூ எப்படிம்மா நிக்கும்? நீ போய்க் கம்பி சுத்து."

அருங்காட்சியகத்து அம்மாள் வந்தார். மாப்பிள்ளையின் பூவைத் திருப்பி, கிண்ணத்தை நகத்தால் லேசாக நெம்பினார். அது கழன்றது. இதழ்களும் கூடவே கொட்டின. கம்பி நுனியில் மூக்குச்சளி போலப் பசை மட்டும் நின்றது.

"இது என்ன பூங்க?"

"செண்பகம்தான் மேடம். கொஞ்சம் அழகுபடுத்தியிருக்கேன்."

அவர் சின்னவளின் கிளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாப்பிள்ளை அதன் பிறகுதான் பின்வாசலுக்குப் போனார். ஒவ்வொரு பூவாகக் கவிழ்த்துக் கிண்ணம் தேடினார். பிறகு விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"மாமா, நம்ம மரம் டூப்ளிகேட்டு! ஒரு பூவுலகூடக் கிண்ணம் இல்ல!"

பெரியவர் சாவியைச் சின்னவளிடம் நீட்டினார்.