அவர் கரையேறியதைப் பார்த்த நாள்

என் கணவர் ராணுவத்தில் இருந்த காலத்தில் பாதிக்கு மேல், கப்பலில் போய் எதிரியின் கரையில் இறங்குவதற்கென்றே பழக்கும் ஒரு பட்டாளத்தில் கழித்தார். பாலக்காட்டுப் பக்கம் முதலமடைக்காரருக்கு இப்படி ஒரு வேலை அமைந்ததைச் சொல்லி எங்கள் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். நெல்லியாம்பதி மலை மழையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு மிச்சம் மீதியைத்தான் எங்களுக்கு அனுப்பும். அவர் நீந்தக் கற்றது தோட்டத்துக் கிணற்றில். கடலை முதன்முதலாகப் பார்த்ததே சீருடை போட்ட பிறகுதான்.

பயிற்சி எப்படி என்று போனில் சொல்வார். சட்டை, பேன்ட், பூட்ஸ், முதுகில் மூட்டை எல்லாவற்றோடும் உயரமான மேடையிலிருந்து நீச்சல் குளத்தில் குதிக்க வேண்டும். கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்று வலையைப் பிடித்துக்கொண்டு, கீழே ஆடும் படகில் இறங்க வேண்டும். கப்பலின் வயிற்றுக்குள் டீசல் நாற்றத்துக்கு நடுவே நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் வாந்தியெடுத்தால் வரிசையாக எல்லோரும் எடுப்பார்களாம். உப்புத் தண்ணீரில் நனைந்த துணி உரசித் தொடையெல்லாம் புண்ணாகிவிடுமாம். எல்லாவற்றையும் தமாஷாகத்தான் சொல்வார். ஒருமுறை, தண்ணீருக்கடியில் மூட்டையின் வார் எதிலோ சிக்கி மேலே வர முடியாமல் போனதைச் சொல்லத் தொடங்கினார். அப்போது தோட்டத்து வழியில் லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. லாரி வந்துவிட்டது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் கூப்பிடவும் செய்தேன். ஆனால் அந்தக் கதையின் மிச்சத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த லாரி என்னுடையது. அதாவது, நான் வரச்சொன்ன லாரி. மாமனார் இருந்தவரை மாந்தோப்பைப் பூப்பூக்கும் சமயத்திலேயே வியாபாரிகளுக்குப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டுவிடுவோம். மருந்தடிப்பது, பறிப்பது, விற்பது எல்லாம் அவர்கள் பாடு. மாமனார் இறந்த வருடம் பாட்டம் பேச வந்தவர், வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை என்று பார்த்து அநியாயத்துக்குக் குறைத்துக் கேட்டார். வந்த கோபத்தில், இந்த வருடம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முதல் வருடம் பூவில் பாதி தத்துப்பூச்சிக்குப் போயிற்று. அடுத்த வருடம் கற்றுக்கொண்டேன். எந்த மரம் முந்திக் காய்க்கும், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் மருந்து அடிக்கக் கூடாது, பொள்ளாச்சி வியாபாரி எந்தக் குரலில் பேசினால் பொய் சொல்கிறார் என்பதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. தோட்டத்துக்கும் கோவிந்தாபுரம் மாங்காய் மண்டிக்கும் ஸ்கூட்டரில் அலைந்து கறுத்துப்போனேன். ஆட்கள் என்னிடம் கேட்டுத்தான் ஏணியை அடுத்த மரத்துக்கு நகர்த்தினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு வேலை இருந்தது. அதில் நான் கெட்டிக்காரியாகவும் இருந்தேன்.

அவர் லீவில் வந்தால் தோட்டம் அவருடையதாகிவிடும். அவர் கேட்டு வாங்கியதில்லை. ஆட்கள் தாமாகவே அவர் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். வியாபாரிகள் என்னைத் தாண்டி அவரைப் பார்த்துப் பேசுவார்கள். லீவு முடிந்து அவரை பஸ் ஏற்றும்போது என் கண் கலங்கும். அது நடிப்பில்லை. பஸ் போன பிறகு ஸ்கூட்டரைத் தோட்டத்துப் பக்கம் திருப்பும்போது உடம்பு லேசாகிவிடும். அதுவும் நடிப்பில்லை.

சர்வீஸ் முடியும் காலம் வந்தது. சம்மதம் எழுதிக் கொடுத்தால் இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பார்கள், என்ன செய்யட்டும் என்று போனில் கேட்டார்.

"புள்ள படிப்பு இருக்குதுங்க. இருந்துட்டே வாங்களே" என்றேன்.

மகள் அப்போது ஏழாம் வகுப்பு. அவள் படிப்புக்குத் தோட்டத்து வருமானமும் பென்ஷனும் போதும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் சரி என்றார்.

அந்தக் கோடையில், மாங்காய் முடிந்த கையோடு, எங்களை வரச்சொன்னார். பெரிய பயிற்சி ஒன்று நடக்கிறது, கடைசி நாளில் குடும்பத்தார் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்றார். மகள் துள்ளிக் குதித்தாள். இரண்டு பேரும் பாலக்காட்டில் ரயிலேறிப் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே கப்பலில் இருந்தார். வேறொரு வீரர் வந்து எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்.

மணலில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண், தமிழ் காதில் விழுந்ததும் திரும்பிச் சிரித்தாள். சூரியநெல்லிக்காரி. தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரரும் அதே கப்பலில் இருந்தார். வயிற்றில் பிள்ளை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"லீவு முடிஞ்சு அவுக போனா ரெண்டு நாளைக்கு எனக்குச் சோறே எறங்காதுக்கா. நீங்க எப்படிக்கா இத்தன வருசம் இருந்தீக?" என்று கேட்டாள்.

பழகிவிட்டது என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்தினாள். என்னைப் பெரிய துக்கக்காரி என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

முதலில் ரப்பர் படகுகளில் சிலர் சத்தமில்லாமல் வந்து மணலில் படுத்துக்கொண்டார்கள். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போயிற்று. தூரத்தில் நின்ற சாம்பல் நிறக் கப்பல் மெதுவாக வளர்ந்துகொண்டே வந்தது. அதற்கு முன்னால் தட்டையான படகுகள் வரிசையாகக் கரையைப் பார்த்து வந்தன. ஒலிபெருக்கியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். எங்கோ வெடித்தது. ஆரஞ்சு நிறப் புகை எழுந்தது. வெறும் சத்தம்தான், குண்டில்லை என்று முன்பே சொல்லியிருந்தும் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

எங்களுக்கு நேரே வந்த படகு கரைக்குக் கொஞ்சம் முன்பே தரைதட்டி நின்றது. அதன் முன்பலகை தடாலென்று தண்ணீரில் விழுந்தது. துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் குதித்தார்கள். எல்லோர் முகத்திலும் கறுப்பும் பச்சையுமாகச் சாயம். யார் யாரென்று தெரியவில்லை. முதலில் குதித்தவர் இடுப்பளவு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, மணலில் ஓடி, மேட்டுக்குப் பின்னால் விழுந்து படுத்தார். பார்க்க அழகாக இருந்தது.

"அம்மா, அதா அப்பா!" என்று மகள் எழுந்து நின்றாள்.

நான் அவள் காட்டியவரைப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்களில் ஒருவர் குதித்த இடத்தில் பள்ளம் இருந்திருக்க வேண்டும். ஆள் முழுசாக உள்ளே போய்விட்டார். துப்பாக்கி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அலை ஒன்று வந்து அதையும் மூடியது. பிறகு தலை மேலே வந்தது. அவர் இடது மணிக்கட்டின் பின்புறத்தால் முகத்தை ஒரு வழி வழித்துவிட்டார். கிணற்றிலிருந்து ஏறும்போது என் கணவர் அப்படித்தான் வழித்துவிடுவார். உள்ளங்கையால் வழிக்க மாட்டார்.

அவர் கரைக்கு வந்தார். ஓட முயன்றார். வலது கால் மடங்கியது. ஈர மணலில் இரண்டு கைகளையும் ஊன்றி விழுந்தார். மூட்டை அவர் கழுத்தைத் தாண்டி முன்னால் சரிந்தது. அவரைத் தாண்டி இரண்டு பையன்கள் ஓடினார்கள். அவர் எழுந்து, நொண்டி, மறுபடி ஓடினார். எங்களுக்குப் பின்வரிசையில் யாரோ ஒரு குழந்தை சிரித்தது.

"பாவம்க்கா, யாரோ வயசானவரு போல" என்றாள் சூரியநெல்லிப் பெண்.

அவர் என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கப்பட்டேனா, அவரைக் காப்பாற்ற நினைத்தேனா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. மகள் என் தோளை உலுக்கி, முன்னால் ஓடியவர் அப்பாதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எல்லாம் முடிந்ததும் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். அதிகாரியின் மனைவி வீரர்களின் மனைவியரை ஒவ்வொருவராக அழைத்து, கண்ணாடி போட்ட கப்பல் படம் ஒன்றைக் கையில் கொடுத்து, ஏதோ சொல்லிக் கைகுலுக்கினார். எனக்கு அரைகுறை இந்திதான். அவர் சொன்னதில் தியாகம் என்ற சொல் மட்டும் புரிந்தது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். இந்த மனிதர் இன்னும் இரண்டு வருடம் இந்தத் தண்ணீரில் குதிக்கட்டும் என்று போனில் சொன்னவள், அந்தப் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சேர்ந்தார். காதோரம் சாயம் மிச்சமிருந்தது. மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "நீங்கதானுங்களே அப்பா மொதல்ல ஓடுனது? நா கண்டுபுடிச்சுட்டேன்" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமா கண்ணு" என்றார்.

சாயங்காலம், குடும்பத்தார் தங்கக் கொடுத்திருந்த அறையில், அவர் கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டிருந்தார். மகள் கீழே மற்றப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இந்த வலி என்று கேட்டேன். அது கிடக்கிறது என்றார். நீங்கள் விழுந்ததை நான் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சம்மதம் எழுதிக் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டேன். அடுத்த வாரம்தான் கேட்பார்கள் என்றார்.

"குடுக்காதீங்க. ஊட்டுக்கு வந்துருங்க."

"நீதான இருக்கச் சொன்ன?"

"படிப்புக்காகச் சொல்லலீங்க. நீங்க வந்துட்டா தோட்டம் எங்கைய விட்டுப் போயிரும்னு பயந்துட்டுச் சொன்னனுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வெந்நீர்ப் பையை இன்னொரு பக்கம் மாற்றி வைத்தார்.

"எனக்குத் தெரியாதா? லீவுல வர்றப்ப ஆளுக எங்கிட்ட வந்து கேட்டா, நீ தனியாப் போயி மோட்டார் ரூமுக்குள்ள நின்னுக்குவ. அதப் பாத்துட்டுத்தான் நானும் சரின்னு சொன்னேன். மரமெல்லாம் உன்ற பேச்சக் கேக்குது. நா வந்து எங்க நிக்கறது?"

அதாவது எனக்காகத்தான் அவர் அந்த இரண்டு வருடத்தையும் ஒப்புக்கொண்டிருந்தார். முட்டியோடு, கப்பலின் வயிற்றோடு, தண்ணீரின் அடியோடு. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர், போதும், பிள்ளை வந்துவிடப் போகிறாள் என்றார்.

சம்மதம் கொடுக்காமல் அவர் ஊருக்கு வந்துவிட்டார். வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். எது நடக்கும் என்று பயந்தேனோ அதுதான் நடந்தது. பொள்ளாச்சி வியாபாரி முதல் நாளே, "அண்ணன் வந்துட்டாருங்களே, இனி அவருகிட்டயே பேசிக்கறனுங்க அக்கா" என்றார். என் கணவர், அக்காவிடமே பேசு என்று திருப்பி அனுப்புவார். சில நாள் அனுப்ப மறந்துவிடுவார். அந்த நாட்களில் நான் சமையலறையில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன்.

அந்தப் பருவத்தில் பூ நன்றாகப் பிடித்திருந்தது. நான் கோவிந்தாபுரம் போயிருந்த நேரத்தில், எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று, அவர் ஆளை வைத்துக் கிழக்கு வரிசை செந்தூர ரக மாமரங்களுக்கு மருந்து அடித்துவிட்டார். நல்ல வெயில். பூ முழுதாக விரிந்து, தேனீ மொய்த்துக்கொண்டிருந்த சமயம். திரும்பி வந்து பார்த்தால் பூங்கொத்துகள் கருகித் தொங்கின. கீழெல்லாம் தேனீ செத்துக் கிடந்தது. ஆட்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். இது பட்டாளமில்லை, கேட்காமல் ஏன் கை வைத்தீர்கள் என்று கேட்டேன். ஆட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. சோற்றை எடுத்துக்கொண்டு போனேன். கருகிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தப்பாகப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். மருந்தில் தப்பு தன்னுடையதுதானே என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபடி, எந்தப் பூவுக்கு எப்போது அடிக்க வேண்டும் என்பதை ஒரு நாள் சொல்லிக்கொடு என்றார். நான் சொல்லிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அந்தக் கவனம் கோபத்தைவிட என்னை அதிகம் வருத்தியது.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். லோடு வெளியூர் மார்க்கெட்டுக்குப் போகும்போது லாரியோடு தானும் போகத் தொடங்கினார். டிரைவருக்குத் துணை, அங்கே எடையைப் பார்த்து இறக்க ஓர் ஆள். அவருக்கு அது பிடித்திருந்தது. போய்த் திரும்ப இரண்டு மூன்று நாளாகும். அந்த நாட்களில் தோட்டம் பழையபடி என் கைக்கு வந்துவிடுகிறது. எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. கடலிலும் இல்லை, ஆபத்திலும் இல்லை, பிறகென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த லோடு எப்போது என்று கேட்டுவிட்டேன். நாளைக் கழித்து என்றார். ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

"வேண்டாம்னாச் சொல்லு. டிரைவர மட்டும் அனுப்பிக்கலாம்" என்றார்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்துவிட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"இருந்துக்கங்க" என்றேன்.

அந்த லோடு அவர் இல்லாமல்தான் போயிற்று. அன்று காலை பறிப்புக்கு ஆட்கள் வந்தபோது இரண்டு பேருமாகத் தோட்டத்துக்குப் போனோம். எந்த மரத்திலிருந்து தொடங்குவது என்று ஆட்கள் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.